ஆர்.ஜே. பாராட்டுகிறார், பாட்டு மட்டும் வரவில்லை!

கேள்வி: நாங்கள் நான்கு பேர், கேரள எல்லையோரமான எங்கள் ஊர்ப் பேச்சிலேயே பாட்டெழுதி ரெக்கார்டிங் செய்கிறோம். ரப்பர் பால் வெட்டுக்காரர்களைப் பற்றிய பாட்டைத் தனியார் எஃப்.எம். ஆர்.ஜே.க்களுக்கு அனுப்பினோம். 'சூப்பர் மக்கா' என்கிறார்கள், ஒலிபரப்புவதில்லை. உள்ளூர்ப் பாட்டுக்கு இத்தனை சதவீதம் என்று சட்டம் கேட்டுப் போராடலாமா?
- வாசகர், களியக்காவிளை

பதில்: போராடுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கனடாவில் 1971-லேயே, சொந்த நாட்டுப் பாட்டுக்கு இத்தனை சதவீதம் என்று விதி வந்துவிட்டது. நம் தனியார் எஃப்.எம்.களுக்குப் பாட்டில் அப்படிப் பங்கு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஆனால் சட்டம் வந்தாலும் 'தமிழ்ப் பாட்டு' என்றுதான் வரும். அந்தக் கணக்கைச் சென்னை சினிமாப் பாட்டே நிரப்பிவிடும்.

ஆர்.ஜே.யைக் குறை சொல்லிப் பயனில்லை. பெரும்பாலும் எந்த மணிக்கு எந்தப் பாட்டு என்பதை நிகழ்ச்சிப் பொறுப்பாளர் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார். அவரைப் பாருங்கள். அதற்கு முன், மார்த்தாண்டத்தில் ஒரு நகைக்கடைக்காரரையோ ஜவுளிக்கடைக்காரரையோ பிடியுங்கள். விளம்பரக் காசில்தானே நிலையமே ஓடுகிறது! 'இந்தப் பாட்டை வழங்குபவர்கள் இன்னார்' என்று ஒரு மாதம், அதுவும் விடிகாலையில், ஒலிபரப்பலாமா என்று பேசிப் பாருங்கள். கூட்டம் கேட்கும் காலை ஒன்பது மணியை யாரும் உங்களுக்குத் தர மாட்டார்கள். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போகிறவர் விழித்திருப்பதும் விடிகாலையில்தான். பாட்டு அவருக்குத்தானே?

போகும்போது பாட்டோடு ஒரு தாளும் வேண்டும். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், உரிமை யாருக்கு, ஒலிபரப்பச் சம்மதம் என்று எழுதி நான்கு பேரும் கையெழுத்துப் போடுங்கள். உரிமை தெளிவில்லாத பாட்டைத் தொட நிலையங்கள் பயப்படும். வில்லுப்பாட்டு மெட்டை எடுத்திருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அதற்காக ஆசையில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 2012 பதிப்புரிமைச் சட்டத் திருத்தப்படி, பாட்டெழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டிப் பங்கை, அதாவது பாட்டைப் பயன்படுத்துவதற்காக வரும் பணத்தில் தங்கள் பங்கை, விட்டுக்கொடுப்பதாக நிலையத்துக்கோ கம்பெனிக்கோ எழுதித் தந்தால் அது செல்லாது.

அப்புறம், நாகர்கோவில் வானொலியை ஏன் விட்டீர்கள்? 1984-இல் நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கியது அது. ஆடிஷனுக்கு விண்ணப்பியுங்கள். அங்கே தேறியதைத் தனியார் நிலையத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

'மலையாளம் மாதிரி இருக்கே, திருநெல்வேலிக்காரனுக்குப் புரியுமா?' என்று பொறுப்பாளர் கேட்கக்கூடும். அதற்காக வரியை மாற்றாதீர்கள். தென்காசிக்காரர் மதுரைப் பாட்டைக் கேட்கவில்லையா?

கடைக்காரரிடம் ஆடியிலேயே பேசிவிடுங்கள். ஆவணி பிறந்து போனால், ஓண விளம்பரத்துக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துபோயிருக்கும்.