கண்மாயும் எட்மண்ட் பர்க்கும்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்க் கண்மாய் தூர்ந்து கிடப்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ‘வரிக்கு வரி வேண்டும், வேண்டும்னு மேடைப் பேச்சு மாதிரி இருக்கு’ என்றாள் தோழி. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கடமையைப் பற்றிப் பேசினால் எனக்கு அப்படி உறுத்துவதில்லை. எப்படிச் சொல்கிறார்கள்?

ஒரு வாசகி, சிவகங்கை

அன்புள்ள வாசகிக்கு,

ஆங்கிலத் தலையங்கங்களிலும் ‘நாம் செய்தாக வேண்டும்’ ஏராளம். யார் அந்த ‘நாம்’ என்று கேட்டால்தான் பதில் இருக்காது. நன்றாக எழுதியவர்கள், யார் யாருக்குக் கடமைப்பட்டவர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கைப் பாருங்கள். 1774இல் பிரிஸ்டல் நகரத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அவரோடு வென்ற ஹென்றி குரூகர், வாக்காளர் சொல்படி நடப்பேன் என்றார். பர்க் அதை ஏற்கவில்லை. உறுப்பினர் உங்களுக்குக் கடன்பட்டிருப்பது உழைப்பை மட்டுமல்ல, சொந்தமாக ஆராய்ந்து முடிவெடுக்கும் அறிவையும்தான். உங்கள் கருத்துக்காக அதைக் கைவிட்டால் அது உங்களுக்கே செய்யும் துரோகம் என்றார். பாரத்தைத் தன் தலையில்தான் ஏற்றிக்கொண்டார். பிறகு அயர்லாந்து வணிகத்தின் மீதிருந்த தடைகளைத் தளர்த்தச் சொன்னார். பிரிஸ்டல் வணிகர்களுக்குக் கோபம். 1780 தேர்தலில் ஆதரவில்லை என்று தெரிந்ததும் விலகிக்கொண்டார்.

உங்களுக்கு இன்னும் நெருக்கமானது 1785 பிப்ரவரியில் அவர் பேசியது. ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்ததாகச் சொன்னவர்களுக்கு, கணக்கை விசாரிக்காமலே, கர்நாடகம் என்று அன்று அழைக்கப்பட்ட ஆற்காட்டுப் பகுதியின் வருவாயிலிருந்து பணம் தர உத்தரவாகியிருந்தது. பர்க் அதைக் கண்டித்தபோது வெறுமனே நீதி பேசி நிறுத்தவில்லை. நம் ஏரிகளை, கண்மாய்களை வர்ணித்தார்: மண்ணும் கல்லும் கொண்ட கரைகள், கர்நாடகத்திலும் தஞ்சையிலுமாகப் பெரியதும் நடுத்தரமுமாய்ப் பத்தாயிரத்துக்குக் குறையாத நீர்நிலைகள். கட்டிய அரசர்கள் குடிகளுக்குத் தகப்பன்மார் என்றார். மழையை நம்பியிருக்கும் அந்த மண்ணில் வரிப்பணம் கரைக்குத் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பவருக்குத் தானாகவே புரியும். அவர் ஆதரித்த தீர்மானம் தோற்றது. ஆனாலும் அந்தப் பேச்சைப் படிக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. இந்தப் பக்கம் வந்தே இராத ஒருவர் நம் கரைகளை அவ்வளவு அக்கறையாகப் படித்திருக்கிறார்!

ஆஸ்திரேலியத் தத்துவவாதி பீட்டர் சிங்கரின் வழி வேறு. கிழக்கு வங்கத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்த 1971 நவம்பரில் ஒரு கட்டுரை எழுதினார். குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காப்பாற்ற உடை சேறானால் என்ன என்கிறார். அதற்கு ஒத்துக்கொண்ட பிறகு தூரத்துப் பசியிலிருந்து நழுவ முடியாது.

சரி, உங்கள் கட்டுரைக்கு வருவோம். ‘கண்மாயைத் தூர்வார வேண்டும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 40 ஹெக்டேரோ அதற்கு மேலோ என்றால் பராமரிப்பு நீர்வளத் துறையிடம் இருக்கும், குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்திடம். அதைக் கேட்டறிந்து, பொறுப்பான அலுவலகத்தின் பெயரோடு எழுதுங்கள். வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது, எந்த மடை திறக்கவில்லை, கடைசியாக எப்போது கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தது, எத்தனை வீட்டார் நடவை விட்டார்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் ஊர்க்காரர்களாகிய நீங்கள் செய்யாமல் விட்டதையும் ஒரு பத்தியில் எழுதுங்கள். முடிந்ததும் எனக்கு அனுப்புங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.