மண்ணைத் தோண்டவா படிக்க வைத்தேன்?

அக்கா, "கொழுந்துக் கூடை என்னோடு போகட்டும் என்றுதான் படிக்க வைத்தேன் சேர். இவள் ஆற்று மண்ணைத் தோண்டப் போகிறேன் என்கிறாளே" என்று அன்று சொன்னீர்கள். மகள் பக்கத்தில் இருந்ததால் நான் முழுதாகப் பேசவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவள் சொல்வது, ஆற்று மண்படைகளைப் பார்த்துப் பழைய வெள்ளங்கள் எந்தக் காலத்தில் வந்தன என்று கணிக்கும் படிப்பு. அதில் தோண்டுவது கொஞ்ச நாள் வேலைதான். ஆறு கரை தாண்டினால் மணலை விரித்துவிட்டுப் போகும். அமைதியான காலத்தில் அதன்மேல் களி படியும். ஒரு குழாயை நிலத்தில் அடித்து இறக்கி, வெளியே எடுத்து நீளவாக்கில் பிளந்தால், களி, மணல், களி, மணல் என்று வரி வரியாகத் தெரியும். மணல் வரி ஒவ்வொன்றும் ஒரு பழைய வெள்ளமாக இருக்கலாம். நம் மலைச்சரிவில் ஆறு அரித்துக்கொண்டே ஓடுவதால் இப்படிப் படிவது குறைவு. மகாவலி சமதரைக்கு இறங்கும் மகியங்கனைப் பக்கம் போனால்தான் தேடலாம்.

சரி, அது எந்தக் காலத்து வெள்ளம்? இங்கேதான் கணக்கு வருகிறது. களிக்குள் அகப்படும் கரித்துண்டில், மரம் உயிரோடு இருந்தபோது காற்றிலிருந்து எடுத்து, பட்டபின் மெல்லச் சிதைந்து குறையும் கார்பன்-14 எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பார்கள்; அது சுமார் 5730 ஆண்டில் பாதியாகும். ஆய்வுகூடம் "1200, கூடக்குறைய 30" என்று ஓர் எண்ணைத் தரும். அதை அப்படியே வருடக் கணக்காக எடுக்க முடியாது. காற்றில் அந்தக் கார்பன் எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை. ஆகவே வருடத்துக்கு ஒன்றாக வளரும் மரவளையங்களை வைத்துத் தயாரித்த அட்டவணையோடு ஒப்பிட்டுத் திருத்தவேண்டும். திருத்தினாலும் ஒற்றை வருடம் கிடைக்காது, நூறு இருநூறு வருட இடைவெளிதான் கிடைக்கும். கரித்துண்டும் சிலநேரம் ஏமாற்றும். என்றைக்கோ பட்டுப்போன மரத்தின் கரியை வெள்ளம் அடித்துவந்திருந்தால், வெள்ளத்தைவிடக் கரிக்கு வயது கூட.

ஆனால் குழம்பாமல் கிடக்கும் மண்ணில் அடியில் உள்ள படை மேலே உள்ள படையைவிடப் பழையது என்பது முன்பே தெரிந்த விஷயம். அதையும் கணக்குக்குள் சேர்த்து எல்லாப் படைகளின் வயதையும் ஒன்றாகக் கணித்தால் இடைவெளிகள் சுருங்கும். இதைப் பேய்ஸ் முறை என்பார்கள். பேய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் வாழ்ந்த ஒரு பாதிரியாரின் பெயர் அது.

இதனால் யாருக்குப் பயன் என்று கேட்டீர்கள். "100 வருட வெள்ளம்" என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வருவது என்று நினைக்கிறோம். ஒவ்வொரு வருடமும் அது வர நூற்றுக்கு ஒன்று வாய்ப்பு என்பதே அதன் பொருள். அப்படிப்பட்ட இடத்தில் 30 வருடம் குடியிருந்தால் அதைக் காண நூற்றுக்கு 26 வாய்ப்பு. ஆற்று மட்டத்தை அளந்த பதிவுகள் சில பத்து வருடங்களுக்கே இருந்தால், பெரிய வெள்ளம் எத்தனை முறை வரும் என்று எப்படிச் சொல்வது? மண்ணைத்தான் கேட்கவேண்டும். மண்சரிவுக்கும் இதே கதைதான். 2014இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயன்களை மண் மூடியதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இனி வேலை. "பழைய வெள்ளத்துக்கு வயது சொல்பவர் தேவை" என்று வர்த்தமானியில் வராது, அதை மறைக்கமாட்டேன். அதை மட்டுமே செய்ய மேற்படிப்பு வேண்டும், பெரும்பாலும் வெளிநாட்டுப் புலமைப்பரிசிலோடு. ஆனால் அவளுக்குச் சோறு போடப்போவது மண் இல்லை, புள்ளிவிபரவியல். நீர்ப்பாசனத் திணைக்களம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், வங்கி, காப்புறுதி என்று எங்கே போனாலும் அது உதவும். அவளுடைய பல்கலைக்கழக இடத்தைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியே புள்ளிவிபரவியல்தானே.

ஆகவே கடந்த தவணையில் 41 வந்ததற்காக இணைந்த கணிதத்தை விட்டுக் கலைப்பிரிவுக்கு மாற்றவேண்டாம். பேராதனையில் புவிச்சரிதவியலும் புள்ளிவிபரவியலும் ஒரே விஞ்ஞான பீடத்தில் இருக்கின்றன. உயர்தரம் முடிந்து பல்கலைக்கழகம் போகும்வரை மாதக்கணக்கில் சும்மா இருப்பார்கள். அந்த நேரத்தில் ஆங்கிலமும், காசில்லாமல் கிடைக்கும் ஆர் (R) என்ற புள்ளிவிபரவியல் மென்பொருளும் பழகட்டும். கணினி இல்லாவிட்டால் என்னிடம் வரட்டும், பழையது ஒன்று இருக்கிறது.

அப்புறம், ஆசிரியர்களைப் பயிற்றும் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கோரும்போது அதையும் போட்டு வையுங்கள். மகள் முகத்தைச் சுளிப்பாள். நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.