டிரைவர் வேண்டாத பிரிண்டர்: ஆபீசுக்கு வாங்கலாமா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் ஆபீசில் புது லேப்டாப் வரும்போதெல்லாம் பிரிண்டர் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் சாஃப்ட்வேர்) போட சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஷேர் செய்த பிரிண்டரைச் சேர்க்கப் போனால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கிறது. 'டிரைவரே வேண்டாம், வைஃபை பிரிண்டர் எடுங்க சார்' என்கிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: தாராளமாக வாங்கலாம். டிரைவர் இல்லாமல் அடிக்கும் முறைகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு: விண்டோஸ் லேப்டாப் என்றால் பெட்டியில் 'மோப்ரியா' என்றும், ஆப்பிள் என்றால் 'ஏர்பிரிண்ட்' என்றும் போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் 'வைஃபை' என்று இருந்தால் போதாது. டிரைவர் கேட்கும் வைஃபை பிரிண்டர்களும் உண்டு.

ஏர்பிரிண்ட் 2010-ல் ஆப்பிள் கொண்டுவந்தது. மோப்ரியா 2013-ல் கேனான், எச்பி, சாம்சங், ஜெராக்ஸ் சேர்ந்து தொடங்கிய அமைப்பு. இரண்டிலும் ஏ4 போடுமா, கலரா, இருபக்கம் அடிக்குமா என்பதைப் பிரிண்டரே நெட்வொர்க்கில் சொல்லிவிடும். கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டு அதற்கேற்ப அனுப்பும்.

பாஸ்வேர்டு கேட்பதற்குக் காரணம் 2021-ல் விண்டோஸில் வெளிப்பட்ட 'பிரிண்ட்நைட்மேர்' என்ற பாதுகாப்பு ஓட்டை. டிரைவர் போடும் வழியாகவே வெளியாள் கம்ப்யூட்டருக்குள் புகுந்துவிடலாம் என்று தெரிந்ததும், அந்த உரிமையை மைக்ரோசாஃப்ட் அட்மினுக்கு மட்டும் என்று ஆக்கிவிட்டது. பிரிண்டர் கம்பெனிகள் தரும் டிரைவர்களுக்கான ஆதரவைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2023-ல் அறிவித்தும்விட்டது. அதனால் இனி டிரைவரை நம்பிப் புது பிரிண்டர் வாங்குவது வீண்.

டிரைவர் தொல்லை போனாலும் நெட்வொர்க் வேலை கூடும். 'பிரிண்டர் காட்டவில்லை' என்று யாராவது வந்தால், முதலில் அவர் எந்த வைஃபையில் இருக்கிறார் என்று பாருங்கள். பிரிண்டர் தன்னை அறிவிப்பது அந்த ஒரு நெட்வொர்க்குக்குள்தான். கெஸ்ட் வைஃபையில் இருப்பவருக்குப் பொதுவாகத் தெரியாது. ரவுட்டரில் பிரிண்டருக்கு மாறாத ஒரே ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்) ஒதுக்கிவிட்டால் பாதிப் புகார் நின்றுவிடும்.

அந்த முகவரியை பிரவுசரில் அடித்தால் பிரிண்டரின் செட்டிங்ஸ் பக்கம் வரும். அங்கே பாஸ்வேர்டு போடாமல் விடவே விடாதீர்கள். உங்கள் ஆபீசில் வாடிக்கையாளர்களின் வருமான வரிக் காகிதம் டிரேயில் கேட்பாரற்றுக் கிடக்கக்கூடாது; பின் நம்பர் அடித்தால்தான் தாள் வெளிவரும் மாடல் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தாவது எடுங்கள்.

பணம் கட்டும் முன் உங்கள் லேப்டாப்பையே கடைக்குக் கொண்டுபோய், எதையும் இன்ஸ்டால் செய்யாமல் இருபக்கமும் ஒரு தாள் அடித்துப் பாருங்கள். கார்பன் காப்பி பில்லுக்கு டாட் மேட்ரிக்ஸ் வைத்திருந்தால் அதைத் தூக்கிப்போட வேண்டாம். அது பழையபடி கேபிளிலும் டிரைவரிலும் ஓடட்டும்.