பின்மண்டையில் கட்டி: ஏன் இவ்வளவு அவசரம்?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு 7 வயது. ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் தலைவலி, வாந்தி, நடையிலும் தள்ளாட்டம். சிறுமூளையில் கட்டி, உடனே ஆபரேஷன் என்கிறார்கள். முதலில் ஊசி போட்டு சதை எடுத்துப் பார்க்கக்கூடாதா? பேச்சே போய்விடும் என்று சொந்தக்காரர் ஒருவர் வேறு பயமுறுத்துகிறார்.

பதில்: பின்மண்டை ரொம்பச் சின்ன அறை. சிறுமூளை, மூச்சை நடத்தும் மூளைத்தண்டு, இரண்டுக்கும் நடுவில் மூளைநீர் வடியும் பாதை, எல்லாம் அதற்குள்தான். கட்டி அந்தப் பாதையை அடைத்தால் நீர் மேலே தேங்கி அழுத்தம் ஏறும், இரவு முழுக்கப் படுத்திருப்பதால் காலையில் வாந்தி அதிகம். (வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்தே பல வீடுகளில் வாரங்கள் ஓடிவிடுகின்றன, உங்களைக் குறை சொல்லவில்லை.)

ஊசியில் எடுத்தால் கட்டியின் வகை தெரியும், அடைப்பு போகாது. எப்படியும் எடுக்க வேண்டிய கட்டி, எடுத்ததையே பயாப்சிக்கு அனுப்பிவிடலாம். பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா (மெதுவாக வளரும் சாதுவான கட்டி) என்று வந்து, முழுதாகவும் எடுத்திருந்தால் பெரும்பாலும் அதோடு சரி. மெடுல்லோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் புற்றுக் கட்டி) என்றால் ரேடியேஷன், கீமோ தொடரும். மூளைத்தண்டில் ஒட்டிய துணுக்கை சர்ஜன் விட்டுவிட்டு வந்தால் கோபப்படாதீர்கள், அங்கே பேராசை ஆபத்து.

பேச்சு விஷயத்தில் சொந்தக்காரர் சொன்னது பாதி உண்மை. மெடுல்லோபிளாஸ்டோமா ஆபரேஷன் ஆன குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர், கண் விழித்து நன்றாகப் பேசிவிட்டு, ஓரிரு நாளில் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள், காரணமில்லாமல் அழுவார்கள். முன்பே சொல்லி வைக்காவிட்டால் ஐசியூவில் யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்றுதான் பெற்றோருக்குத் தோன்றும். சில வாரங்களில், சிலருக்கு மாதக்கணக்கில், பேச்சு திரும்பும். பழைய வேகமும் தெளிவும் எல்லாருக்கும் வந்துவிடாது, அதனால் பேச்சுப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்குங்கள். அவன் பதில் சொல்லாவிட்டாலும் நீங்கள் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

தேங்கிய மூளைநீரை வெளியேற்ற உள்ளே வைக்கும் ஷன்ட் ட்யூப் எல்லாருக்கும் நிரந்தரமாகத் தேவைப்படாது, கட்டி போனதும் பலருக்கு நீர் தானாகவே வடிய ஆரம்பித்துவிடும். ஆபரேஷனுக்கு முன் தண்டுவடத்துக்கும் சேர்த்து எம்ஆர்ஐ எடுப்பார்களா, முடிந்தபின் 72 மணி நேரத்துக்குள் மறுபடி எடுப்பார்களா என்று கேளுங்கள். தாமதமானால் காயத்தின் வீக்கமா மிச்சக் கட்டியா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

அப்புறம், இந்த அழுத்தம் இருக்கும்போது முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் நியூரோ சர்ஜனிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். கீழே நீரை இறக்கினால் சிறுமூளை கழுத்துப் பக்கம் சரிந்து மூளைத்தண்டை நசுக்கிவிடலாம்.