மறு: தூர்வாரிய படகுத்துறையில் மறுபடியும் சேறு

ஆறு தெளிவாக வந்தும், வாரிய துறை சில மாதங்களில் தூர்ந்துவிட்டது என்கிறீர்கள். சேறு பெரும்பாலும் கடல் பக்கத்திலிருந்துதான் வந்திருக்கும். ஆழமில்லாத கழிமுகங்கள் பலவற்றில் ஓதம் (கடல்நீரின் ஏற்ற இறக்கம்) விரைவாக ஏறி, மெதுவாக வற்றும். ஏறும் நீர் கிளப்பிக் கொண்டுவந்ததை வற்றும் நீரால் முழுதும் திருப்பி எடுத்துப்போக முடியாது. நீங்கள் தோண்டிய குழியில் வேகம் இன்னும் குறைவு. முதலில் படிவது அங்கேதான்.

தனித்துகளின் அளவை வைத்து நீங்கள் போட்ட படிவு வேகக் கணக்கை விட்டுவிடுங்கள். 2 மைக்ரான் களித்துகள் தனியாக ஒரு நாளைக்குச் சுமார் 30 செ.மீ.தான் இறங்கும். உப்பு நீரில் அவை ஒட்டித் திரளும். நொடிக்கு 1 மி.மீ. இறங்கும் திரள் 2 மீட்டர் ஆழத்தை அரைமணி நேரத்தில் கடந்துவிடும். நீர் நின்று திரும்பும் இடைவெளியே அதற்குப் போதும்.

நாளுக்கு இருமுறை ஓதம் ஏறும் இடமென்றால் 12 மணி 25 நிமிட முழுச் சுற்றுக்கும் அரைமணிக்கொரு முறை நீர் எடுங்கள்: மேற்பரப்பில் ஒன்று, தரைக்கு 20 செ.மீ. மேலே ஒன்று. நீரோட்ட வேகமும் திசையும் கூடவே வேண்டும். அமாவாசை அல்லது பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஒருமுறை, அஷ்டமி கழிந்து ஒருமுறை. பாட்டில் தரையில் இடித்தால் அந்த மாதிரியைக் கொட்டிவிடுங்கள். எடுத்த நீரை வடிகட்டி வண்டலை எடைபோடும்போது, வடிதாளை உலர்த்துமுன் காய்ச்சி வடித்த நீரால் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உப்பையும் வண்டலோடு சேர்த்து எடைபோடுவீர்கள்.