கே.பி. சுந்தராம்பாளுக்கு ‘நந்தனார்’ படத்தில் ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் கொடுத்தது ஏன்?

1935-ல் ஒரு லட்சம் என்பது அன்றைய சினிமா உலகம் வாயைப் பிளந்த தொகை. ஆனால் அந்தக் குரலுக்கு அது தகும் என்பேன்.

கே.பி. என்றால் கொடுமுடி பாலாம்பாள், அதாவது ஊரும் அம்மாவும். எங்கள் ஈரோடு பக்கத்துக் காவிரிக்கரை ஊர்தான் கொடுமுடி. வறுமையில் வளர்ந்தவர், சின்ன வயதிலேயே நாடகத்துக்குப் போனார். மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாட வேண்டிய காலம் அது. அந்தக் கணீர்க் குரல் அப்படிப் பாடிப் பாடி உரமேறியது. எஸ்.ஜி. கிட்டப்பாவுடன் ஜோடி சேர்ந்து மேடையேறினார், அவரையே மணந்தார். 1933-ல் கிட்டப்பா இளவயதிலேயே இறந்துபோனார். அப்புறம் சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் உறுதி எடுத்தார்.

அப்படிப்பட்டவரை எப்படிப் படத்துக்குக் கொண்டுவருவது? நந்தனார் வேடத்தையே கொடுத்தார்கள். ஆண் வேடம், ஜோடி கிடையாது, முழுக்கப் பக்திப் பாட்டு. அவர் உறுதிக்குப் பங்கமில்லை, தயாரிப்பாளருக்கும் நாடறிந்த குரல் கிடைத்தது. அதற்கான விலைதான் அந்த லட்சம்.

பிறகு 1953-ல் ‘ஔவையார்’ வந்தது. என்னைக் கேட்டால் அவர் நடிப்பின் உச்சம் அதுதான். சென்னை மாநில மேலவையிலும் உறுப்பினராக இருந்தார். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றார். இதுவரை அவர் குரலைக் கேட்காதவர்கள் ‘திருவிளையாடல்’ படத்தின் ‘பழம் நீயப்பா’ பாட்டிலிருந்து தொடங்குங்கள்.