பேர் தெரியாத முகம்

கேள்வி: நான் எண்பதுகளில் வளர்ந்தவன். அப்போது எங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்த காமெடி நடிகர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். செல்போனைத் திறந்தால் ‘அந்த நடிகரின் பரிதாப நிலை’, ‘கடைசிக் காலத்தில் சோத்துக்கே வழியில்லை’ என்று ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊரைச் சிரிக்க வைப்பவன் அழுதுதான் சாவான் என்று எங்கள் பாட்டி சொல்வார். அது ஏதாவது சாபமா? வடிவேலுவோடு கூடவே வருவாரே, முகம் கண்ணிலேயே நிற்கிறது, பேர்தான் வரவில்லை, அவரும் இறந்துவிட்டாராமே?
– வாசகர், காரிமங்கலம்

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். நீங்கள் யாரைச் சொல்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. நீங்கள் கொடுத்திருக்கிற அடையாளத்துக்குப் பொருந்துகிறவர்களில் நாலு பேராவது இறந்துவிட்டார்கள்.

அல்வா வாசுவா? மணிவண்ணனிடம் உதவி இயக்குநராக இருந்தவர். 2017 ஆகஸ்ட் மாதம் மதுரையில் காலமானார். கிருஷ்ணமூர்த்தியா? 2019 அக்டோபரில் குமுளிப் பக்கம் படப்பிடிப்புக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்தது. கிணற்றைக் காணோம் என்று வடிவேலு புகார் கொடுக்கப் போவாரே, அந்தக் காட்சியில் போலீஸ் அதிகாரியாக வருகிறவர் நெல்லை சிவா. 2021 மே மாதம் போய்விட்டார். போலீஸுக்குப் பயந்து ஓடிவந்து தண்ணீருக்குள் பதுங்குகிறவர் போண்டா மணி. இலங்கையிலிருந்து அகதியாக வந்து, இங்கே சின்னச் சின்ன வேஷமாகக் கட்டி வாழ்ந்தவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டு சென்னையில் அரசு மருத்துவமனையில் கிடந்தார். சக நடிகர் ஒருவர் வீடியோவில் கண் கலங்கி உதவி கேட்ட பிறகுதான் அது வெளியே தெரிந்தது. 2023 டிசம்பரில் இறந்தார்.

இந்த நால்வரில் ஒருவர்தான் உங்கள் மனதில் இருப்பவர் என்று நினைக்கிறேன். இத்தனை வருஷம் அவரைப் பார்த்துச் சிரித்திருக்கிறீர்கள். அவர் பேர் உங்களுக்குத் தெரியவில்லை. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் ஒருவர் மேல் மட்டும் உள்ள குறை இல்லை.

இப்போது சாபத்துக்கு வருவோம். உங்கள் பாட்டியின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. சாபம் என்று சொல்லிவிட்டால் அதோடு பேச்சு முடிந்துவிடும். கூலி என்ன கொடுத்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த நடிகர்களுக்கு நாள் கணக்கில்தான் வேலை. ஒரு படத்தில் ரெண்டு நாள் கால்ஷீட், இன்னொரு படத்தில் அரை நாள். பேசிய பணத்தை வாங்கினால் அத்தோடு கணக்கு முடிந்தது. அதே காட்சி இருபது வருஷம் டிவியில் ஓடும். மீம்ஸாக ஊரெல்லாம் சுற்றும். அதிலிருந்து அவர் வீட்டுக்கு ஒரு டீ காசு வராது. பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டம் ராயல்டியை உறுதி செய்தது. பாடகர்களும் சங்கம் வைத்து வசூல் செய்கிறார்கள். அடிவாங்கிச் சேற்றில் விழுந்தவருக்கு அப்படி எதுவும் கைக்கு வந்து சேருவதில்லை.

அதிலும் இவர்கள் பிழைப்பு பெரிய நடிகர் ஒருவரின் பிழைப்போடு முடிச்சுப் போட்டது. 2011 சட்டமன்றத் தேர்தலில் வடிவேலு தி.மு.க. மேடைகளில் பேசினார். ஆட்சி மாறியது. அதன் பிறகு பல வருஷம் அவர் படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வடிவேலு சம்பாதித்து வைத்திருந்தார், தாங்கினார், 2023-இல் ‘மாமன்னன்’ படத்தில் யாரும் எதிர்பாராத மாதிரி திரும்பி வந்தார். அவர் பக்கத்தில் நின்று அடிவாங்கியவர்களும் அடிகொடுத்தவர்களும் அந்த வருஷங்களில் எப்படி வாடகை கொடுத்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பெரியவர்கள் கதையும் ஒரே கதையாக இல்லை. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1944 கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் கைதானார். மேல்முறையீடு அப்போதைய உச்ச நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் குற்றமற்றவர் என்று விடுதலை ஆனார். சம்பாதித்ததில் வழக்கு தின்றது ஒரு பங்கு. மிச்சத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். 1957 ஆகஸ்ட் 30-இல் இறந்தபோது வயது 48. சந்திரபாபு எம்.ஜி.ஆரை வைத்துச் சொந்தப் படம் எடுக்கப் போய், அது பாதியில் நின்று, கையிலிருந்ததை இழந்தார். குடியும் சேர்ந்தது. 1974-இல் 46 வயதில் முடிந்துவிட்டார். தேங்காய் சீனிவாசனுக்கு ஐம்பது, 1987. ஒருவருக்கு வழக்கு, ஒருவருக்குப் படத் தயாரிப்பு, ஒருவருக்கு உடம்பு. இதையெல்லாம் ஒரே சாபத்தில் கட்டிப் போட முடியுமா?

சுருளிராஜனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் மொரப்பூர் பக்கம். டூரிங் கொட்டாய்தான் எங்களுக்கு எல்லாம். மணலைக் குவித்து மேடாக்கி உட்காருவோம். பட்டணத்தில் ஓடி ஓய்ந்த படம் எங்களிடம் வர ரெண்டு மூணு வருஷம் ஆகும். பிரிண்டில் கோடு கோடாக மழை பெய்யும். கல்யாண வீட்டு ரேடியோ செட்டில் ‘திருவிளையாடல்’ வசன ரெக்கார்டு போட்டால் தருமி வரும் இடத்துக்காகப் பந்தலுக்கு வெளியே காத்துக் கிடப்போம். அதுபோல ‘மாந்தோப்புக் கிளியே’ படத்தில் சுருளியின் கஞ்சன் வேஷம். அந்தக் கீச்சுக் குரலில் பேசிக் காட்டத் தெரியாத பையன் எங்கள் தெருவில் இல்லை.

ஒரு நாள் ராத்திரி கொட்டாயில் அந்தப் படம். நான் மணலில் புரண்டு சிரித்துக்கொண்டிருக்கிறேன். பின்னால் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், யாரிடம் என்றில்லாமல், “பாவம், இவன் செத்துப் போயி ரெண்டு வருசம் ஆவுதுடா” என்றார். நான் நம்பவில்லை. திரையில் கண்ணெதிரே பேசிக்கொண்டிருக்கிறவர் எப்படிச் செத்திருப்பார்? இடைவேளையில் முறுக்குக்கூடைக்காரரிடம் போய்க் கேட்டேன். ஆமாம் என்றார். மறுபாதியிலும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுருளிராஜன் இறந்தது 1980 டிசம்பர் 5, வயது 42 என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது. நாங்கள் அவர் குரலில் பேசித் திரிந்த காலம் முழுக்க அவர் இல்லை.

பெண்களை உங்கள் கேள்வியில் காணவில்லை. மனோரமா ஆயிரம் படங்களைத் தாண்டி நடித்து, 2015 அக்டோபரில் எல்லோர் மரியாதையோடும் போனார். பிந்து கோஷ் நினைவிருக்கிறதா? எண்பதுகளில் அவர் நுழைந்தாலே கொட்டாய் சிரிக்கும். அவர் உடம்புதான் அங்கே சிரிப்பு. ஆடத் தெரிந்தவர் என்பதை யாரும் கேட்கவில்லை. நோயிலும் கஷ்டத்திலும் கிடந்து 2025 மார்ச்சில் இறந்தார். நானும் அந்தச் சிரிப்பில் ஒருவன். இப்போது அந்தக் காட்சிகளைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

நன்றாக வாழ்ந்தவர்களும் உண்டு, அதையும் சொல்லத்தான் வேண்டும். நாகேஷ் 75 வயது வரை இருந்தார், கடைசி வரை நடித்தார். ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனாக அவர் பேசுவதைப் பார்த்து அழாதவர்களை நான் கண்டதில்லை. அதற்குத் தேசிய விருது வந்தது. ஆனால் சர்வர் சுந்தரமும் தருமியும் செய்தவருக்கு ஒரு பத்ம விருது கிடைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் அது. சார்லி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் ஆனார். சின்னி ஜெயந்தின் மகன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. விவேக் 2021 ஏப்ரல் 17-இல் 59 வயதில் போனபோது, தெருத் தெருவாக மரக்கன்று நட்டுத்தான் ஜனங்கள் அவரை வழியனுப்பினார்கள். இவை எதையும் ‘பரிதாப நிலை’ வீடியோக்காரர்கள் காட்ட மாட்டார்கள்.

அவர்கள் செய்கிற இன்னொரு காரியம் எனக்குப் பொறுக்கவில்லை. இருக்கிறவரைச் சாகடிப்பது. கவுண்டமணி இறந்துவிட்டார் என்று எத்தனை முறை பரப்பியிருக்கிறார்கள்! 2025 பிப்ரவரியில்கூட அவர் நடித்த ‘ஒத்த ஓட்டு முத்தையா’ தியேட்டருக்கு வந்தது. செந்தில் 2024-இல் ‘லால் சலாம்’ படத்தில் வந்தார். ஜனகராஜை ‘96’ படத்தில் பள்ளிக்கூடக் காவலாளியாகப் பார்த்திருப்பீர்கள். கோவை சரளா 2022-இல் ‘செம்பி’யில் பாட்டியாக நடித்து வாய் பேச முடியாமல் நம்மை உட்கார வைத்தார். அந்த மாதிரி வீடியோ உங்கள் குழுவில் வந்தால் அடுத்தவருக்குத் தள்ளாதீர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதைப் பார்க்கிறார்கள்.

கோடம்பாக்கம் நமக்குத் தூரம்தான். ஆனால் நம் பக்கத்திலும் சிரிக்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். பங்குனி, சித்திரையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் போட்டால், பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி கூத்து. கூத்தைத் தொடங்கி வைப்பதே கட்டியக்காரன் என்கிற கோமாளிதான். ராஜா வேஷக்காரர் உள்ளே போய் டீ குடித்துவிட்டு வருவார். கட்டியக்காரன் விடிய விடியக் களத்திலேயே நிற்க வேண்டும்; தூங்குகிறவர்களை எழுப்ப வேண்டும், அழுகிற குழந்தையை அடக்க வேண்டும். துரியோதனன் செத்து விழும் கடைசிக் கட்டமான படுகளம் வரை அவர் தொண்டை தாங்க வேண்டும். சீசன் முடிந்தால் கல்லுடைக்கவோ பெங்களூருக்குக் கட்டட வேலைக்கோ போவார்கள்.

எங்கள் ஊருக்கு வருஷா வருஷம் ஒருவர் வருவார். முன் பல் ரெண்டு இருக்காது. அவர் மாமியார் சண்டை சொன்னால் என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அவள் அப்படிச் சிரித்து நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நாங்கள் அவரைக் கோமாளிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். நாலைந்து வருஷத்துக்கு முன் மொரப்பூர் போகிற வழியில் ஒரு டீக்கடைச் சுவரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் பார்த்தேன். படம் அவருடையது. பேரை அங்கேதான் முதல்தடவை படித்தேன்.

அதனால்தான் உங்கள் கடிதத்தின் கடைசி வரி என்னைச் சுட்டது.

இந்த வருஷம் உங்கள் ஊர்ப் பக்கம் கூத்து நடந்தால், விடிந்ததும் கட்டியக்காரரின் பேரைக் கேளுங்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். பதியவில்லை என்றால் படிவம் நிரப்பிக் கொடுக்க ஒரு ஆள் தேவைப்படும். நான் மேலே சொன்ன நாலு பேர் படத்தையும் செல்போனில் தேடிப் பார்த்து, உங்கள் கண்ணில் நிற்கும் முகம் யாருடையது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அவர் படத்தைப் பேரோடு போடுகிறேன்.